கோழியும் கூலியும்

1

'ஜீவகாருண்யம்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோழர்கள் பலருக்கு எரிச்சல் வருகிறது. வரத்தான் செய்யும். மாட்டுக்கறி தின்றவனைக் கட்டி வைத்து அடிக்கிறவன் வாயிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. மலக்குழிக்குள் மனுசன் மூச்சடைத்துச் சாகும்போது வாயே திறக்காதவன், மாரியம்மன் கோயிலில் சேவல் அறுத்தால் 'ஐயோ பாவம்' என்கிறான். இதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பறவை, மிருகம், இரக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் 'முதல்ல மனுசனைப் பாருங்கய்யா' என்று சொல்லிப் பேச்சை வெட்டிவிடுகிறோம்.

அப்படி வெட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கறிக்காகக் கோழி வளர்த்த வரலாற்றைச் சில வருசங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. கோழியை எந்தக் கை நெரித்ததோ அதே கைதான் கோழியோடு வேலை செய்கிற மனுசனையும் நெரித்திருக்கிறது. கோழிக்குச் சட்டம் இல்லாமல் போன இடத்தில் கூலிக்காரனுக்கும் சட்டம் இல்லாமல் போயிருக்கிறது. ஆகவே 'முதலில் மனுசன், பிறகு கோழி' என்று நாம் வரிசை போட்டுக் கொடுப்பது அந்தக் கைக்கு வசதியான வேலை.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. நம்ம ஊர்க் கறிக்கடைக் கூண்டில் நிற்கிற வெள்ளைக் கோழியின் இனமும், அதை வளர்க்கிற ஒப்பந்த முறையும் உருவான இடம் அது. கறுப்பின மக்கள் கையில் இருந்த கோழி எப்படி அவர்கள் கையை விட்டுப் போனது என்பதும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். பல்லடத்துக்குப் பிறகு வருவோம்.

2

1692-இல், வெள்ளையர் ஆட்சியில் இருந்த வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் வைத்திருக்கும் குதிரை, மாடு, பன்றி எல்லாம் பறிமுதல். 1705-இல் அடிமைகளைப் பற்றிய சட்டங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டியபோது இதையும் மறுபடி எழுதி உறுதி செய்தார்கள். பறிமுதல் செய்த கால்நடையை விற்று வந்த காசு அந்த வட்டாரத்து ஏழைகளுக்கு என்றார்கள். அடிமையை அந்த ஏழைகளில் ஒருவனாக யாரும் எண்ணவில்லை. ஏழை வெள்ளையனையும் கறுப்பு அடிமையையும் பிரித்து வைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

அந்தப் பட்டியலில் கோழி இல்லை. கோழி மேல் இருந்த கரிசனம் அல்ல காரணம். கோழி அவர்கள் கண்ணில் ஒரு சொத்தே அல்ல. குப்பை கிளறுவது, பொம்பளைகள் பார்த்துக்கொள்வது, அதற்குப் போய்ச் சட்டமா என்று விட்டார்கள். விட்டுப்போன அந்த இடத்தில் அடிமைகள் காலூன்றினார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்கு 1798-இல் நீம்செவிச் என்கிற போலந்துக்காரர் விருந்தாளியாக வந்தார். அடிமைகளின் குடிசைகளைப் பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டுக் குடியானவனின் மிக மோசமான குடிசையைவிட இது மோசம் என்கிறார். குடிசைக்குப் பக்கத்தில் சின்னக் காய்கறிப் பாத்தி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் ஐந்தாறு கோழிகள். இவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே சுகம் இதுதான், வாத்தோ பன்றியோ வளர்க்கக் கூடாது என்றும் குறித்திருக்கிறார். அந்தக் கோழிகளை அலெக்சாண்ட்ரியா நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றுச் சில்லறைச் சாமான் வாங்கினார்கள்.

மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் வீட்டில் 1805 முதல் 1808 வரை அவருடைய பேத்தி கணக்கு எழுதினாள். அந்தக் கணக்கில் முட்டையும் கோழியும் யாரிடம் வாங்கப்பட்டது என்று பெயரோடு இருக்கிறது. பெயர்கள் அந்தப் பண்ணையின் அடிமைகளுடையவை. ஆளே அவருக்குச் சொந்தம். ஆனால் அந்த ஆள் வளர்த்த கோழிக்குக் காசு கொடுத்தாக வேண்டும். கோழிக்கு இருந்த இந்த விசித்திரமான சுதந்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இது படிக்கும்போதே பிடிபட்டது. நான் கொங்கு நாட்டில் அருந்ததியர் வளவில் பிறந்தவன். எங்கள் வளவில் யாருக்கும் நிலம் இல்லை. மாடு வைத்திருந்தால் மேய்க்க இடம் கிடையாது. பண்ணாடி தோட்டத்து வரப்பில் ஒரு கை புல் அறுத்தால் கேள்வி. வெள்ளாடு வெள்ளாமையில் வாய் வைத்துவிட்டால் தண்டம். மிச்சம் இருந்தது கோழிதான். அம்மாயி ஏழெட்டுக் கோழி வைத்திருந்தாள். எது முட்டைக்கு வந்திருக்கிறது, எது அடைக்குக் கத்துகிறது, எது அடுத்த வீட்டுக் கூரையில் போய் முட்டை இடுகிறது என்று ஒவ்வொன்றின் சுபாவமும் அவளுக்கு அத்துபடி. 'கோழி இருக்கற வரைக்கும் எவங்கிட்டயும் கை நீட்டி நிக்க வேண்டியதில்ல கண்ணு' என்பாள். எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியது அந்தக் காசில்தான். எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் எங்கள் முட்டையை வாங்கிக்கொண்டார்கள். 'ஓட்டுக்குள்ள இருக்கறதுக்குத் தீட்டு இல்லையாமா' என்று அம்மாயி சிரிப்பாள். நோம்பி வந்தால் பண்ணாடி வீட்டிலிருந்து ஆள் வந்து சேவலைக் கேட்காமலே பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. அப்போது அவள் சிரித்ததில்லை.

நாட்டுக்கோழி வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பருந்து தூக்கும், கீரி கடிக்கும், வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் வளவே காலியாகும். கடைசியில் கத்தி உண்டு. ஆனால் சாகிற வரைக்கும் அது கோழியாக வாழ்ந்தது. வெயிலில் மண் குளித்தது, குப்பை கிளறியது, அடை உட்கார்ந்து குஞ்சைக் கூட்டிப் போனது. அதை வளர்த்தவளும் அந்த ஒரு விசயத்தில் மட்டுமாவது யாருக்கும் அடிமையாக இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றாகத்தான் போகப் போகின்றன.

அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. வர்ஜீனியாவில் கார்டன்ஸ்வில் என்று இரண்டு ரயில் பாதைகள் சேரும் ஊர். ரயில் வந்து நின்றதும் கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டைச் சுமந்துகொண்டு நடைமேடையில் ஓடி, ஜன்னல் வழியாக வறுத்த கோழி விற்றார்கள். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இல்லாத காலம். லைசென்ஸ் கட்டணம், கட்டுப்பாடு என்று ஊராட்சி நெருக்கியது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக விற்றார்கள். அந்த வழியில் வந்த ஒரு பெண், என் அம்மா இந்த வீட்டைக் கோழிக்காலால் கட்டினாள் என்று பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார். சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன் என்கிற கறுப்பின ஆய்வாளர் 2006-இல் இந்தப் பெண்களின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார். அதன் தலைப்பும் கோழிக்காலால் வீடு கட்டியதைத்தான் சொல்கிறது.

கறுப்பன் கோழியால் தலை நிமிர்ந்தால் சும்மா விடுவார்களா? 'கோழித் திருடன்' என்று ஒரு பொம்மையைச் செய்தார்கள். அஞ்சலட்டையில், விளம்பரத்தில், மேடைக் கூத்தில் எங்கு பார்த்தாலும் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற கறுப்பன். 1915-இல் வந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்கிற ஊமைப்படத்தில், சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பின உறுப்பினர் சபைக்குள்ளேயே கோழி தின்பதாகக் காட்டினார்கள். ஓட்டுரிமை பெற்றவனைக் கேவலப்படுத்த கோழி போதுமானதாக இருந்தது. தின்கிற உணவை வைத்து ஒருவனை இழிவு செய்வது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'திருடன்' என்ற அந்தப் பட்டத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

3

1920 வரைக்கும் அமெரிக்காவில் கறிக்கென்று தனியாகக் கோழி வளர்த்தவர் குறைவு. முட்டைதான் முக்கியம். முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழியும், வேண்டாத சேவல் குஞ்சும்தான் கறிக்குப் போயின. 1923-இல் டெலவேர் மாநிலத்து ஓஷன் வியூ என்கிற ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்து இறங்கியது. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்து, பிழைத்த 387-ஐ இளங்கறியாகவே விற்றார். ஒரு பவுண்டு 62 செண்ட். கொழுத்த லாபம். 1926-இல் 10,000 கோழிக்குக் கொட்டகை கட்டினார். பக்கத்துக் குடியானவர்கள் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். வெயில் படாத கோழிக்குக் கால் வளைந்துவிடும். வைட்டமின் டி கண்டுபிடித்து மீனெண்ணெய் கலந்து கொடுத்ததும் அந்தத் தடையும் நீங்கியது. வெயிலே பார்க்காமல் ஒரு கோழியைக் கறியாக்கலாம் என்று ஆயிற்று.

அடுத்தது கடன். 1930-களில் ஜார்ஜியாவின் கெய்ன்ஸ்வில் ஊரில் ஜெஸ்ஸி ஜூவல் என்கிற தீவன வியாபாரி ஒரு வழி கண்டார். பருத்தி விளைந்து ஓய்ந்த மண், கையில் காசில்லாத விவசாயி. அவனுக்குக் குஞ்சும் தீவனமும் கடனாகக் கொடு, வளர்ந்த கோழியைத் திரும்ப எடுத்துக்கொள், கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு. பின்னால் குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, அறுக்கும் ஆலை எல்லாம் அவர் கைக்குள் வந்தன. கொட்டகையும் அதன் கடனும் மட்டும் விவசாயி தலையில். கோழி கம்பெனியுடையது, செத்தால் நட்டம் வளர்த்தவனுடையது. பருத்திக் குத்தகையில் கறுப்பனையும் ஏழை வெள்ளையனையும் கட்டிப்போட்ட அதே கடன் கணக்கு கோழிக்கு மாறியது. கொட்டகை போட நிலம் வேண்டும், பேங்குக் கடன் வேண்டும். இரண்டும் இல்லாத கறுப்பினப் பெண் கொல்லைப்புறத்துக் கோழியோடு சந்தைக்கு வந்தால் இந்த விலையோடு எப்படி மோதுவாள்?

மூன்றாவது, பறவையையே மாற்றியது. 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி. ஏ அண்ட் பி என்கிற பெரிய மளிகைக் கம்பெனி பணம் போட்டது. அமெரிக்க வேளாண் துறை கூட நின்றது. 1948-இல் டெலவேரில் இறுதிச் சுற்று. மார்பு அகலமாக, தொடை பருமனாக, சீக்கிரம் வளர்கிற கோழிக்குப் பரிசு. ஜெயித்தது கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ். அவர் கலந்தது நியூ ஹாம்ப்ஷயர் கோழியையும் கார்னிஷ் கோழியையும்.

இந்த கார்னிஷ் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை நம் பக்கம் திரும்புகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசில் சண்டைச் சேவலை அந்த ஊர்ச் சண்டைக்கோழியோடு கலந்து உண்டாக்கிய இனம் அது. முதலில் அதன் பெயரே 'இந்தியச் சண்டைக்கோழி' என்ற பொருளில்தான் இருந்தது. சண்டைக்காக நெஞ்சு அகன்ற சேவல். அந்த நெஞ்சுதான் இன்றைக்கு பிராய்லரின் நெஞ்சுக்கறி. சண்டைச் சேவலுக்கு நம் மண்ணில் நடுகல்லே உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒன்று, இந்தளூரில் ஒன்று. சுமார் 1,500 வருசத்துக்கு முந்தியவை. அந்தச் சேவல் எந்தச் சேரிக்காக மோதிச் செத்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சேரி என்றால் அப்போது குடியிருப்பு என்றுதான் பொருள், இழிவு ஏறியது பின்னால். இந்தளூர்ச் சேவலுக்குப் பெயரும் இருக்கிறது, பொற்கொற்றி. சேவல் சண்டை நல்ல காரியம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கல் நட்ட பறவையின் வாரிசு, எடை மட்டுமே இருக்கிற ஒன்றாக மாறிப்போனது.

எவ்வளவு மாறியது? கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 காலத்து இனங்களைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005-ஆம் வருசத்து பிராய்லர் இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து 56 நாள் வளர்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 1957 கோழி 905 கிராம். 1978 கோழி 1,808 கிராம். 2005 கோழி 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான். 'ஊசி போட்டு வளக்கறான்' என்று நம்ம ஊரில் சொல்வது சரியில்லை. ஊசி தேவையே இல்லை. அந்த வேகம் கோழியின் உடம்புக்குள்ளேயே இனப்பெருக்கத்தால் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து செலுத்தியதை நிறுத்திவிடலாம். உடம்பாகவே ஆகிவிட்டதை அந்தக் கோழி எங்கே போய்க் கழற்றி வைக்கும்?

சதை வளர்கிற வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடு கொடுப்பதில்லை. பிரிட்டனில் 51,000 கோழிகளுக்கு மேல் நடக்கவிட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2008-இல் வெளியானது. சராசரியாக 40 நாள் வயசுக் கோழிகள். 27.6 சதவீதம் சரியாக நடக்க முடியாதவை. 3.3 சதவீதம் ஏறக்குறைய நடக்கவே முடியாதவை. நடக்க முடியாதது ஈரக் குப்பை மேலேயே படுத்துக் கிடக்கும். மார்பும் காலும் புண்ணாகும். இதைவிடக் கொடுமை தாய்க் கோழிகளுடையது. குஞ்சுக்குக் கொடுக்கிற மாதிரி தாய்க்கும் வயிறு நிறையக் கொடுத்தால் அது முட்டை இடும் வயசுக்கு முன்பே கொழுத்துச் செத்துவிடும். ஆகவே அது தின்ன நினைப்பதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, வளரும் காலம் முழுக்கப் பசியிலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளை தின்று தின்று கால் ஒடிகிறது. தாய் பசியில் கிடக்கிறாள். அம்மாயி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

4

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1935-இல் அமெரிக்காவில் தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இரண்டிலும் பண்ணைத் தொழிலாளிக்கு இடமில்லை. தெற்கு மாநிலங்களில் பண்ணை வேலை யார் செய்தார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதது அல்ல. கறுப்பர் என்ற சொல்லை எழுதாமலே கறுப்பரை வெளியே நிறுத்தினார்கள். ராத்திரியில் கொட்டகையில் கோழி பிடித்து லாரியில் ஏற்றுகிற ஆட்களையும் 'பண்ணைத் தொழிலாளி' என்று அந்த விலக்குக்குள் தள்ளக் கம்பெனிகள் முயன்றன. அவர்கள் அந்த விலக்கில் வரமாட்டார்கள், சங்கம் சேர உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஹாலி ஃபார்ம்ஸ் வழக்கில் சொன்னது 1996-இல்தான்.

1958-இல் இன்னொரு சட்டம். அறுக்கும் முன் மிருகத்தை வலி தெரியாதபடி மயக்க வேண்டும் என்கிற சட்டம். மாடு, கன்று, குதிரை, கோவேறு கழுதை, ஆடு, பன்றி, இதர கால்நடை என்று பட்டியல். கோழி பெயர் அதில் இல்லை. 'இதர கால்நடை'யிலும் கோழி சேராது என்பதுதான் அந்நாட்டு வேளாண் துறையின் நிலை. அந்த நாட்டில் உணவுக்காகக் கொல்லப்படும் நில உயிர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கோழி. 1692-இல் அற்பம் என்று பட்டியலில் விட்டுப்போன கோழி 1958-லும் விட்டுப்போயிற்று. முதல் தடவை விட்டது அடிமைக்கு ஒரு சந்து திறந்தது. இரண்டாம் தடவை விட்டது கம்பெனிக்கு வாசலையே திறந்தது.

1964-இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதுவரை வெள்ளைக்காரப் பெண்களை மட்டும் வைத்திருந்த தெற்கத்திக் கோழி ஆலைகள் பலவற்றில் கறுப்பினப் பெண்கள் நுழைந்தார்கள். வெள்ளைக்காரி வீட்டில் பாத்திரம் தேய்ப்பதைவிட இது மேல் என்று போராடி வாங்கிய வேலை. ஒரு காலத்தில் கோழிக்குச் சொந்தக்காரியாக இருந்தவளின் பேத்தி, கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வரும் கோழியின் இறக்கையை ஒரே வெட்டில் நாள் முழுக்க வெட்டுகிறவள் ஆனாள். குளிர், ஈரம், விரல் மடங்காமல் போகும் மணிக்கட்டு. கொக்கிச் சங்கிலியின் வேகம் ஏறிக்கொண்டே போய் நிமிசத்துக்கு 140 கோழிக்கு வந்தது. 2018-க்குப் பிறகு பல ஆலைகளுக்கு 175 வரை அனுமதி கொடுத்தார்கள். அந்த வேகத்தில் கழுத்தறுக்கும் கத்திக்குத் தப்பிய கோழி உயிரோடு வெந்நீர்த் தொட்டிக்குள் போகும். அந்த வேகத்தில் மனுசியின் விரலும் போகும். ஒண்ணுக்குப் போக விடாததால் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் அமெரிக்கா 2016-இல் அறிக்கை வெளியிட்டது. கோழியின் துன்பத்தையும் பெண்ணின் துன்பத்தையும் முடிவு செய்வது ஒரே சக்கரத்தின் வேகம்தான். யாருடைய துன்பத்தை முதலில் பார்க்கலாம் என்று இங்கே வரிசை போட முடியுமா?

1991 செப்டம்பர் 3. வட கரோலினாவின் ஹேம்லட் நகரத்தில் இம்பீரியல் ஃபுட் ப்ராடக்ட்ஸ் என்கிற கோழி ஆலை. காலையில் எண்ணெய்க் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டு, கோழி வறுக்கும் கொதிகலன் மேல் தெறித்துத் தீப்பிடித்தது. ஓடி வந்தவர்கள் கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை. வெளியிலிருந்து பூட்டியிருந்தது. 25 பேர் செத்தார்கள், அதில் 18 பேர் பெண்கள். செத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். கதவை ஏன் பூட்டினார்கள்? தொழிலாளிகள் கோழியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அந்த 'கோழித் திருடன்' பட்டத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அஞ்சலட்டையில் கேலியாகப் போட்ட பொம்மை 25 பேரைக் கொன்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆலை நடந்த 11 வருசத்தில் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. ஆனால் கறியைப் பார்க்க வேளாண் துறை ஆய்வாளர் வந்து போய்க்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது அந்தக் கோழிக்கு ஆய்வாளர் இல்லை, அதை வெட்டியவளுக்கும் இல்லை. செத்துக் கறியான பிறகு, அதைத் தின்னப்போகிறவனுக்காக ஒரு ஆய்வாளர் இருந்தார். முதலாளி 1992-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கிட்டத்தட்ட 20 வருச தண்டனை வாங்கினார். ஐந்து வருசம்கூட முழுசாக உள்ளே இல்லை.

5

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று இருக்க முடியாது. ஜூவல் கண்டுபிடித்த முறை 1990-களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் அப்படியே வந்து இறங்கியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். நிலத்துக்காரர் கொட்டகை போட்டு வளர்த்துக் கொடுப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. கொட்டகை ஆதிக்க சாதிக்காரர் நிலத்தில். அவரும் கம்பெனிக்குக் கூலிதான், வளர்ப்புக்கூலி என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அவருக்குக் கீழே குப்பை அள்ளவும், செத்ததைப் பொறுக்கவும், ராத்திரியில் பிடித்து ஏற்றவும் ஆள் வேண்டும். அதற்கு எங்கள் வளவிலிருந்து போனார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள்.

என் சித்தப்பா மகன் பத்து வருசம் கோழி பிடிக்கப் போனவன். அவன் சொன்னது: 'பகல்ல புடிச்சா மெரளுங்ணா. ராத்திரி வெளக்க அணச்சுட்டா அப்படியே உக்காந்துக்கும். காலைப் புடிச்சு ஒரு கைக்கு நாலஞ்சு தலகீழாத் தூக்கிப் பொட்டியில போடோணும். மெதுவாப் போட்டா மேஸ்திரி வையுவான். எறக்கை ஒடியறது காதுல கேக்கும். கேட்டும் கேக்காத மாதிரி இருந்துக்கோணும். மூக்கெல்லாம் எரியும், வெடியால இருமினா கறுப்பா வரும்.' கோழிக்கு இரக்கம் காட்ட அவனுக்கு மனசில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்குக் கொடுத்த நேரத்தில் இரக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. கோழியைக் கொடுமைப்படுத்திய பழி மட்டும் கடைசியில் அவன் கையில் வந்து நிற்கும், கணக்குப் போட்ட கம்பெனிக்காரன் கை சுத்தமாக இருக்கும்.

இங்கே சட்டம் என்ன செய்தது? சென்னை மாகாணத்தில் 1950-இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். அரை நூற்றாண்டு தூங்கிய அதை 2003-இல் எழுப்பி அமல்படுத்தச் சொன்னது அப்போதைய அ.தி.மு.க. அரசு. குலதெய்வத்துக்குக் கோழி அறுக்கிற எளிய சனம் போலீசுக்குப் பயந்து நின்றது. எதிர்ப்பு கிளம்பி 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. வருசத்துக்கு ஒருதரம், பெயர் சொல்லி, படையல் போட்டு, எல்லோருமாகப் பங்கு போட்டுத் தின்கிற சேவலில் கொடுமையைக் கண்டார்கள். அதே வருசங்களில் கொங்கு நாடு முழுக்கக் கொட்டகை கொட்டகையாக எழும்பியதே, அதில் காணவில்லை. யார் அறுக்கிறான் என்பதைப் பார்த்துத்தான் கொடுமை முடிவாகிறது என்றால் அதற்குப் பெயர் இரக்கமில்லை, சாதி.

1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் கொண்டுவந்த மசோதாவிலிருந்து தொடங்கியது. இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விசயம் உண்டு. மனிதர் தவிர்த்த எந்த உயிரும் மிருகம் என்கிறது. அமெரிக்கச் சட்டம் மாதிரி கோழியை விட்டுவிடவில்லை. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், வலி உண்டாகும்படி ஏற்றிச் செல்வதும் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு கிலோ கறிகூட வராது. சட்டம் தன் உயிர்களுக்குப் போட்ட விலை அது. பிராய்லருக்கும் முட்டைக்கோழிக்கும் தனி விதிகள் வேண்டும் என்று 2017-இல் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் மாதிரி விதிகளையே எழுதிக் கொடுத்தது. அதைப் படித்துப் பார்த்தேன். கோழிக்கு எவ்வளவு இடம், எவ்வளவு வெளிச்சம் என்று இருக்கிறது. நல்லதுதான். அதைப் பிடிக்கிறவனுக்கு எத்தனை மணி நேரம், என்ன கூலி, மூக்குக்கு என்ன துணி என்ற கேள்வி இன்னொரு துறையின் பாடு. இப்படி இரண்டு கோப்பாகப் பிரித்து வைத்திருக்கும் வரைக்கும் இரண்டும் நகராது.

6

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன ஒரு குரல் நம்மிடம் இருக்கிறது. தீக நிகாயத்தில் கூடதந்த சூத்திரம் என்று ஒன்று. பெரிய யாகம் செய்து ஏராளமான உயிர்களைப் பலி கொடுக்கக் கூடதந்தன் என்கிற பார்ப்பனன் ஏற்பாடு செய்கிறான். புத்தரிடம் யோசனை கேட்கிறான். புத்தர் பழைய காலத்து யாகம் ஒன்றைச் சொல்கிறார். அதில் மாடு கொல்லப்படவில்லை, ஆடு கொல்லப்படவில்லை, கோழியும் பன்றியும் கொல்லப்படவில்லை. அங்கே வேலை செய்த அடிமைகளும் ஏவலாட்களும் கூலிகளும் தடிக்குப் பயந்து, கண்ணீர் வடித்துக்கொண்டு வேலை செய்யவில்லை. கோழியும் கூலியும் ஒரே பத்தியில் வருகிறார்கள்.

அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய பத்திரிகை வழியாக மீட்டெடுத்தது இந்தப் பௌத்தத்தைத்தான். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தன் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில், எல்லா உயிர்களிடமும் கருணை காட்டி அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. ஆக, கருணை என்பது அக்கிரகாரத்தில் இரவல் வாங்க வேண்டிய சாமான் இல்லை. யாகத்தில் பலி கொடுத்தவர்களை எதிர்த்துப் பிறந்த சொல், கைமாறிப் போய், இன்றைக்கு நம்மை அடிக்கிற தடியாகிவிட்டது. எரிச்சல்பட்டு அதை அவர்கள் கையிலேயே விட்டுவிடுவதா, பிடுங்கிக்கொள்வதா?

கோழி தின்னக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் குழம்பு கொதிக்கிறது. நான் சொல்வது வேறு. கோழிப்பண்ணைத் தொழிலாளர்களிடையே வேலை செய்கிற தோழர்கள் கோரிக்கை எழுதும்போது இரண்டையும் சேர்த்து எழுதட்டும். பிடிக்கிற ஆளுக்கு ஒரு லாரிக்கு இவ்வளவு நேரம் என்று கூடுதலாகக் கேட்டால் கோழியின் இறக்கையும் ஒடியாது. கொட்டகையில் கோழியைக் குறைத்து, குப்பையை உலர்வாக வைத்து, காற்றோட்டம் கேட்டால் அள்ளுகிறவளின் நெஞ்சும் எரியாது. ஒப்பந்தத்தில் வளர்ப்புக்கூலியைப் பேசும்போது மெதுவாக வளர்கிற இனத்தையும், அதற்கு ஏற்ற விலையையும் பேசலாம். மாணவத் தோழர்கள் இந்தக் கொட்டகைகளுக்குள் போய், அங்கே வேலை செய்யும் வட மாநிலத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை எழுதி வர வேண்டும். 1805-இல் ஒரு பேத்தி முட்டைக் கணக்கில் அடிமைகளின் பெயரை எழுதி வைத்ததால்தான் நமக்கு இன்றைக்கு அவர்களைத் தெரிகிறது. பல்லடத்துக் கொட்டகைக் கணக்கில் தீவனம் இருக்கிறது, எடை இருக்கிறது, செத்த கோழியின் எண்ணிக்கை இருக்கிறது. ராத்திரியெல்லாம் பிடித்து ஏற்றியவன் பெயர் எழுதப்படவில்லை. அதை நாம் எழுதத் தொடங்க வேண்டும்.